அளவு ஜாக்கெட்டும் ஒரு நீலக் கவுனும்

1

நான் மெல்பர்னுக்கு வந்து போன செவ்வாய்க்கிழமையோடு இருபது வருஷம் முடிந்தது. வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. அன்று குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டிய நாள் என்பது மட்டும் என் கணவருக்கு ஞாபகம் இருந்தது. "ஏனுங்க, இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுதா?" என்று கேட்டேன். "மஞ்ச மூடி போட்ட தொட்டி" என்றார்.

சரி, இருபது வருஷத்தைப் பற்றி நானே எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்தால், ஒரு கவுன் வந்து குறுக்கே நிற்கிறது. அதைச் சொல்லி முடிக்காமல் வேறெதையும் சொல்ல முடியாது போலிருக்கிறது.

இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியே ஒரு பெரிய விருந்து வைக்கிறது. அதற்கு ஃபார்மல் என்று பெயர். பையன்கள் கோட்டு சூட்டு போடுவார்கள், பெண்கள் தரையைக் கூட்டுகிற நீளத்துக்குக் கவுன் போடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பென்றால் பிள்ளையை நாமக்கல் ஹாஸ்டல் பள்ளியில் தள்ளி, விடியுமுன்னே எழுப்பிப் படிக்க வைப்பதுதான் எனக்குத் தெரிந்த முறை. பரீட்சைக்கு முன்னால் கவுனுக்கு அலைகிற கூத்தை இங்கேதான் பார்த்தேன்.

என் மகள் தாரணி ஒரு கறுப்புக் கவுனை வாடகைக்கு எடுத்து வந்து அலமாரியில் மாட்டினாள். இடுப்பு வரைக்கும் உள்ளே பட்டை வைத்துத் தைத்தது. ஆளில்லாமலே நிமிர்ந்து நிற்கும். எனக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம ஊட்டுப் புள்ளையாட்டம் ஒரே ஒரு போட்டோவுக்கு நில்லு சாமி. பொடவை கட்டிக்கோ."

"அம்மா, பொடவை கட்டிட்டு டான்ஸ் ஆட முடியாது. கழண்டு விழுந்தா நீ வந்து பொறுக்குவியா?"

பொறுக்கிவிடலாம், திருப்பிக் கட்டிவிடத்தான் முடியாது, ஏனென்றால் எனக்கே புடவை கட்டத் தெரியாது. இங்கே வந்த முதல் பொங்கலுக்குப் பதினான்கு ஊக்கு குத்திக்கொண்டு தமிழ்ச் சங்கத்துக்குப் போய், உட்காராமலே திரும்பி வந்தவள் நான்.

கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். மேலே கவுன் மாதிரி பட்டை வைத்தது, கீழே கொசுவம் வைத்துத் தைத்த புடவை, தோளில் முந்தானை, பின்னால் ஜிப்பு. கட்ட வேண்டியதில்லை, மாட்டினால் போதும். ஊரில் என் நங்கையா, அதாவது அண்ணன் மனைவி, அந்த மாதிரிதான் தைக்கிறார். ஃபார்மல் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அது தாரணியின் உடம்பில் ஏறி, ஜிப்பு மேலே வரைக்கும் போனால் அதைப் போடுவாள். போகாவிட்டால் கறுப்புக் கவுன். அதோடு நான் ஆயுசுக்கும் புடவை என்ற பேச்சை எடுக்கக் கூடாது.

கை குலுக்கிக்கொண்டோம். அவள் கை கரகரவென்று இருந்தது. படகு துடுப்பு போடுகிற கை. அதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

2

அண்ணனுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம், வரும். ஓட்டி வருகிறவன் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவான். அதன்மேல் கேபின், பாடி எல்லாம் கட்டி, பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து அனுப்புவார்கள். பட்டறைக்கு முன்பக்கம் இரண்டு அறை சும்மா கிடந்தது. அதில் நங்கையா ஆறு தையல் மிஷின் போட்டார். முதலில் ஜாக்கெட், பிறகு ரிசப்ஷன் லெஹங்கா. இப்போது திருச்செங்கோடு, சங்ககிரி என்று எங்கெங்கிருந்தோ கல்யாணப் பெண்கள் தேடி வருகிறார்கள். காலையில் முகூர்த்தத்துக்குக் கூறைச்சேலை, சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கவுன் என்று ஆகிவிட்டதாம்.

நான் ஃபோன் போட்டேன். பின்னால் வெல்டிங் சத்தம் கர்ரென்று கேட்டது.

"செஞ்சர்லாங்க அம்மிணி. எளம்பிள்ளையில நல்ல நீலத்துல ஒரு பொடவை பாத்து வெச்சிருக்கறேன். உள்ள வெக்கிற பட்டைதான் முன்னாடியெல்லாம் கெடைக்காது. மொதத் தடவை உங்க அண்ணன் அலுமினியத்துல வெட்டிக் குடுத்தாருங்க. அந்தப் புள்ள ரிசப்ஷன் முச்சூடும் குனியவே இல்ல."

"ஐயோ! அப்பறம்?"

"இப்ப பிளாஸ்டிக் பட்டை ஈரோட்ல கெடைக்குதுங்க. அதை உடுங்க, அளவு ஜாக்கெட் அனுப்புங்க."

இதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். நம் ஊரில் டெய்லர் டேப்பை எடுத்து அளவெடுப்பது கடைசிபட்சம். சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, இதே அளவுக்குத் தை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். என் அம்மா முப்பது வருஷம் ஒரே அளவு ஜாக்கெட்டை வைத்து ஓட்டினார்.

தாரணியிடம் ஜாக்கெட் ஏது? என்னிடம் ஒன்று இருந்தது. என் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த அரக்குப் பட்டு ஜாக்கெட். அதைப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன். பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்து விரித்து, கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தேன். அந்த வயதில் நான் கொடி மாதிரி இருந்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்வார்கள்?

தாரணி அசப்பில் என்னைப் போலத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் என்றால் என் அம்மா. மூன்று வயதில் பார்த்துவிட்டுச் சொன்னது. அதை நம்பி, ஒரு வார்த்தை மகளைக் கேட்காமல், ஜாக்கெட்டை உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

"அளவு குடுத்தாச்சா?" என்று தாரணி கேட்டாள்.

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு" என்றேன்.

3

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு அதிசயங்கள் நடந்தன.

முதல் அதிசயம், தாரணியின் தமிழ். வாரத்துக்கு நாலு வார்த்தை தமிழ் பேசுகிற பெண். அதுவும் "சோறு", "வேண்டாம்" வகை. ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டால், "வாரேனுங்க" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. மறுநாள் "ஆமாங்க". அதற்கடுத்த நாள் எங்கள் வீட்டு நாயைப் பார்த்து, "ஏனுங்க, தள்ளுங்க" என்றாள். இவர்தான் சொல்லிக் கொடுக்கிறார் என்று நினைத்து என் கணவரைக் கேட்டேன். "நான் பேசறதையே அவ கேக்கறதில்ல, எங்க சொல்லிக் குடுக்கறது?" என்றார். அதுவும் நியாயம்தான். சரி, இரத்தத்தில் இருந்தது தானாக வெளியே வருகிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, தங்கைக்கும் ஃபோன் செய்து பெருமையடித்தேன்.

இரண்டாவது அதிசயம், கட்டிப்பிடித்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து இரண்டு கையாலும் என்னைச் சுற்றிப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். கடைசியாக அவள் என்னைக் கட்டிப்பிடித்தது எட்டாம் வகுப்பில், பல் பிடுங்கிய அன்றைக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரிசியெல்லாம் தண்ணீரோடு போனது.

"என்ன சாமி?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய படகுப் போட்டி. வழக்கமாக நான் காரிலேயே உட்கார்ந்து ஃபிளாஸ்க்கில் காபி குடிப்பவள். அன்று குளிர் குறைவென்று கரைக்கு இறங்கிப் போனேன். கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு, எட்டுப் பெண்கள் படகைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவதாக வந்தவளின் தோளைப் பார்த்து, அடேங்கப்பா, யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, நான் பெற்றது.

என் ஜாக்கெட்டின் கைக்குள் அவளுடைய மணிக்கட்டு நுழைந்தால் பெரிது. நான்கு வருஷமாகத் துடுப்புப் போடுகிறாள். வீட்டில் எப்போதும் தொளதொளவென்று ஒரு சட்டை. அதற்குள் என்ன வளர்ந்திருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. என் மகள் என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை என்பது அந்த ஆற்றங்கரையில் வைத்து உறைத்தது. வெட்கமாக இருந்தது.

காருக்கு ஓடி நங்கையாவைக் கூப்பிட்டேன்.

"நங்கையா, துணியை வெட்டிப் போடாதீங்க! அளவு தப்புங்க!"

"வெட்டியாச்சே அம்மிணி."

"தெச்சுட்டீங்களா?"

"தெச்சு, பார்சலும் போயாச்சுங்க." "போச்சு, எல்லாம் போச்சு" என்று கத்தினேன். அவரோ சிரித்தார். "பதறாதீங்க. எல்லாம் பாத்துக்கலாம்."

இடையில் அண்ணன் ஃபோனை வாங்கினார். அவருக்கு உலகத்தில் எல்லாமே லாரிதான். "ஏம் புள்ள, நீ உன்ற ஜாக்கெட்டையா அனுப்புனே? பழைய வண்டி நீளத்தைக் குடுத்துப்போட்டு புது சேஸிஸுக்குப் பாடி கட்டச் சொன்னா எப்பிடிக் கட்டறது?"

"அண்ணா, வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க."

"எந்த வண்டியா இருந்தாலும் நேர்ல நிறுத்தி அளக்கோணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

4

பார்சல் மெல்பர்ன் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. உள்ளே அறிவிக்கப்படாத தாவரப் பொருள் இருப்பதால் தனிமைப்படுத்தும் பிரிவில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஃபார்மலுக்கு ஐந்து நாள் இருந்தது.

நங்கையாவைக் கேட்டேன். "வேற ஒண்ணுமில்லீங்க, ஒரே ஒரு வெரலி மஞ்சள்தான் உள்ள வெச்சேன். புதுத்துணியை எப்பிடிங்க வெறுமனே அனுப்பறது?" என்றார். அவரைச் சொல்லி என்ன செய்ய? நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். ஆனால் ஆஸ்திரேலியாக்காரர்கள் ஒரு வெள்ளரி விதையைக் கண்டாலே மேலே கீழே பார்ப்பவர்கள். அவர்களுக்கு முழுசாக ஒரு கிழங்கை அனுப்பியிருக்கிறோம்.

நான் இங்கே நகராட்சி அலுவலகத்தில் நாய்களுக்குப் பதிவுச் சீட்டு கொடுக்கிற வேலை பார்க்கிறேன். எம்.எஸ்ஸி. படித்ததை நாய்களிடம் சொல்லிக்கொள்வதில்லை. "உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் விதிமுறை அப்படி" என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்வேன். அன்றைக்குத் தனிமைப்படுத்தும் பிரிவுக்கு ஃபோன் செய்தபோது, அதே குரலில் ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார். எவ்வளவு எரிச்சலான குரல் என்று முதன்முதலாகத் தெரிந்தது. இனி நாய்க்காரர்களிடம் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும்.

"இந்தக் கிழங்கு சாப்பிடவா?" என்றார்.

"இல்லை."

"நடுவதற்கா?"

"ஐயோ, இல்லை."

"மருந்தா?"

"இல்லை."

"அப்படியானால் படிவத்தில் 'மற்றவை' என்று குறித்து, காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். கிழங்கை அழிக்கவும் சம்மதம் எழுதுங்கள்."

ஒரு வரியில் நான் என்னத்தை எழுதுவேன்? சாமிக்கு என்று எழுதினால் எந்தச் சாமி என்பார்கள். சம்பிரதாயம் என்றால் விளக்கம் கேட்டு இன்னொரு படிவம் வரும். மூன்று முறை எழுதி அடித்தேன். கடைசியில், "புதுத்துணி நல்லபடியாக உடுத்தப்பட வேண்டும் என்பதற்காக" என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் அந்த அம்மாளே கூப்பிட்டார். விடுவித்துவிட்டோம், வெள்ளிக்கிழமை வந்து சேரும் என்றார். வைப்பதற்குமுன், "அது வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரியும்" என்றேன்.

எனக்குத்தான் அது வேலை செய்யாது என்று தெரியுமே. பெட்டிக்குள் வருவது என் இருபத்துநாலு வயது இடுப்புக்குத் தைத்த கவுன். நான்கு நாளும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் கவுன் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தது. தாரணியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். சொல்லத் தைரியம் வரவில்லை.

5

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பார்சல் வந்தது. அதிகாரிகள் பிரித்து ஒட்டிய நாடா அதன்மேல் நாலு சுற்று இருந்தது. உள்ளே நீலக் கவுன். மார்பில் பட்டை வைத்து விறைப்பாக நிற்கிற மேல்பாகம். இடுப்பிலிருந்து கீழே எண்ணி வைத்தாற்போல ஒன்பது கொசுவம். தோளிலிருந்து முந்தானை, உள்ளே ஒரு கொக்கி போட்டு, எத்தனை ஆட்டம் ஆடினாலும் நழுவாதபடி. கீழ் மடிப்பின் உள்மூலையில் மஞ்சள் தடவிய கறை. கிழங்கை அழித்தவர்களால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

தாரணி அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். என் கணவர் எனக்குத் துணையாக நின்றார். இருவரும் பிரசவ வார்டு வாசலில் நிற்பதைப் போல நின்றோம்.

"தாரணி, ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "அந்த அளவு..."

ஜிப்பு சத்தம் கேட்டது. பாதியில் நிற்குமென்று காத்திருந்தேன். நிற்கவில்லை. மேலே வரைக்கும் ஒரே இழுப்பில் போனது.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அந்தத் தோளுக்கென்றே தைத்த கவுன். ஒரு சுருக்கம் இல்லை. என்னைப் போலவே இல்லை அவள். நான் எந்த வயதிலும் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

"எப்பிடி?" என்றேன்.

"நீங்க அனுப்புனது உங்க அளவுங்க அம்மா. நான் என் அளவை அனுப்பிட்டேன்."

ஃபோனைக் காட்டினாள். நான் ஜாக்கெட் அனுப்பிய வாரமே நங்கையா அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். "சாமி, உங்கம்மா அனுப்புனது ஒரு பொம்மைக்குப் போடற ஜாக்கெட்டு. நீ நேர்ல எப்பிடி இருக்கறே, சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு மாதமாக, தினமும் இவள் சென்டிமீட்டரில் சொல்ல, அவர் இஞ்ச் என்று திருப்பிக் கேட்க, நடுவில் அண்ணன் வந்து அடிக்கணக்கில் சொல்ல, ஒரே குரல் செய்திகளாக அனுப்பித் தள்ளியிருக்கிறார்கள். "அத்தை, ஷோல்டர் பெருசுங்க." "பெருசா இருந்தா என்ன கண்ணு, துணி இருக்குது." கட்டடம் கட்டுகிற அளவுக்குப் பேசியிருக்கிறார்கள். இரத்தமாம், தானாக வந்ததாம். தங்கையிடம் வேறு பெருமையடித்தேன்!

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்வானேன். இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் நான்தான் இருக்கிறேன், நான் இல்லாவிட்டால் இந்தப் பெண்ணுக்கு ஊரே கிடையாது என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். என்னைத் தாண்டிப் போய் அவளே பேசியிருக்கிறாள். கோபம் இருந்த இடத்திலேயே பாரம் இறங்கியது போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று எனக்கே புரியவில்லை.

"பெட்டியில இன்னொண்ணு இருக்குங்க" என்றாள் தாரணி.

அடியில் என் அரக்கு ஜாக்கெட். நம் ஊர் டெய்லர்கள் பக்கவாட்டில் மூன்று நான்கு தையல் போட்டு, உள்ளே துணி விட்டு வைப்பார்கள் அல்லவா, உடம்பு வைக்க வைக்கப் பிரித்துக்கொள்ள? நங்கையா அத்தனை தையலையும் பிரித்து விட்டிருந்தார். வெளியே தெரிந்த பட்டு வெளுத்திருந்தது. உள்ளே இருபது வருஷம் மடிந்து கிடந்த பட்டு, கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த அரக்கிலேயே இருந்தது. அப்படியும் அக்குளில் பற்றவில்லை போல. இரண்டு பக்கமும் தாரணியின் கவுன் துணியில் நீல ஒட்டுப் போட்டிருந்தார். ஒரு துண்டுச் சீட்டு: "அம்மிணி, கையைத் தூக்காம இருந்தீங்கன்னா ஒட்டுத் தெரியாது."

போட்டுப் பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்காமலே கொக்கி எல்லாம் சேர்ந்தது.

"என்ற அளவு நங்கையாவுக்கு எப்பிடித் தெரியும்?"

தாரணி தரையைப் பார்த்தாள். "அரிசி கழுவும்போது நான் அளந்தேனுங்க. டேப் எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சுரும்னு சார்ஜர் வயர்ல."

என் கணவர் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஒரு தோழியின் வீட்டு வாசலில் எல்லாப் பிள்ளைகளும் போட்டோவுக்குக் கூடினார்கள். பெற்றோரும்தான். நான் அந்த அரக்கு ஜாக்கெட்டுக்குமேல் புடவையை, ஆறு ஊக்கில், கட்டிக்கொண்டு போயிருந்தேன். பதினான்கிலிருந்து ஆறுக்கு வர எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது. எல்லா அம்மாக்களும் கவுனைத் தொட்டுப் பார்த்து எந்தக் கடை என்று கேட்டார்கள். "நாமக்கல்லில் லாரிப் பட்டறைங்க" என்று தாரணியே பாதி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

பிள்ளைகளை ஏற்றிப் போக நீளமான வண்டி ஒன்று வந்தது. ஏறுவதற்குமுன் தாரணி என்னிடம் வந்து, இரண்டு கையையும் விரித்தாள். நான் முதலில் கையைப் பார்த்தேன். வயர் எதுவும் இல்லை.

வண்டி கிளம்பியதும் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். கையைத் தூக்காதீங்க என்று நங்கையா எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் ஆட்டினேன்.